தீ வராத லைட்டர்

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லைட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மடியில் பழைய பனியன் துணி. அதன் மேல் ஒரு திருகு, ஒரு ஸ்பிரிங், அரிசியில் பாதி நீளத்துக்கு ஒரு கல். கையில் பழைய பல் பிரஷ்.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிறவர் என்று வாசனையே சொன்னது. சட்டையெல்லாம் கொப்பரை. காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார்.

“ஏனுங்க, நெருப்பு இருக்குங்களா?”

“இல்லீங்க.”

“கையில லைட்டர வெச்சுட்டே இல்லீங்கறீங்க?”

“இதுல தீ வராதுங்க. பெட்ரோல் ஊத்தறதில்ல. பொறி மட்டுந்தான் வரும்.”

அவர் லைட்டரைப் பார்த்தார், பிரஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தீ வராத லைட்டர எதுக்குங்க புள்ளைக்குத் தலை சீவற மாதிரி இப்படிச் சீவிட்டு இருக்கீங்க?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குள் என் பஸ் கிளம்பியது. திருகை வாயில் கவ்விக்கொண்டு, மற்றதைத் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடி ஏறினேன்.

அது நடந்து சில மாதங்கள் இருக்கும். கேட்டவர் மறந்திருப்பார்.

பத்து ரூம், ஒரே கூரை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் ஓட்டம் தெரியும். எட்டாவது வகுப்புப் பாதியில் சொந்த ஊர் கொமரலிங்கத்தை விட்டுக் கிளம்பியவன். கரும்பு வெட்டு, லாரி, அரிசி மில் என்று போனேன். ஓர் இடத்தில் வருஷம் திரும்பினால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். திருப்பூரில் மட்டும் சேர்ந்தாற்போல் சில வருஷங்கள் தங்கினேன்.

அங்கே நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி. பெரிய வட்ட மெஷின்கள் சுற்றிச் சுற்றிப் பனியன் துணியைப் பின்னி இறக்கும். நூல் அறுந்தால் கோர்க்க வேண்டும், ஊசி உடைந்தால் மாற்ற வேண்டும். எனக்கு எப்போதும் நைட் ஷிப்ட்.

தங்கியது லைன் வீட்டில். ஒரே சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பத்து ரூம். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. ஒரு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்து ரூமில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும்.

அந்தப் பக்கத்து ரூம்தான் பெனடிக்ட் அண்ணாச்சியுடையது. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே திருப்பூருக்கு வந்தவர். எங்கள் கம்பெனியில் நூலும் துணியும் செக்கிங் செய்கிறவர். அவர் பெயரைச் சொன்னால் நூல் விற்கிறவர்கள் சரக்கை மறுபடி ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்கள். மனைவி ராணி அக்கா ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரே பெண் ஜெனி, நாகர்கோவிலில் நர்ஸ் படிப்பு.

செடியில் காய்த்ததா?

லைட்டர் அண்ணாச்சியுடையது. பித்தளையில் செய்தது, கட்டைவிரல் அகலம். புகையிலை பைப்பு பற்றவைப்பதற்கென்றே செய்தது என்பதால் தீ மேலே போகாது, பக்கத்தில் இருக்கிற ஒரு துளை வழியாகச் சாய்ந்து வரும். துணி வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம்.

அண்ணாச்சி வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. அவருக்கு அது நூல் எரித்துப் பார்க்க. பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கறுப்பு மணி கட்டும். சாதாரண லைட்டரைச் சாய்த்துப் பிடித்தால் விரல் சுடும். இதில் நூலைப் படுக்கையாகவே நீட்டலாம்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்த அன்று எங்கள் ஷெட்டில் ஒரு நூல் ஏஜெண்ட் நின்று, நூறு சதம் காட்டன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். அண்ணாச்சி ஓர் இழையை உருவினார். கிர்ரிக் என்று ஓர் உரசல். இழை சுருண்டது. நுனியை விரலில் உருட்டி, ஏஜெண்டின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது செடியில காய்ச்ச நூலாவே, பெட்ரோல் பங்க்ல காய்ச்ச நூலா?”

பத்து மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எழும்பியது. ஷெட் முழுக்கச் சிரித்தது. ஏஜெண்ட் நூல் சுற்றிய கோனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

குரலைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தக் குரல்தான் முதலில் போனது.

டீ மட்டும்

தொண்டையில் கட்டி. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதில் ஒரு குழாய், குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய். மூச்சு அந்த வழியாகத்தான். சளி கட்டி அடைத்தால் உள்குழாயை உருவிக் கழுவிப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை ராணி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

லைன் வீட்டுச் சொந்தக்கார அம்மா பார்க்க வந்தார். கழுத்தைப் பார்த்தார், தலைமாட்டில் லைட்டரைப் பார்த்தார்.

“வெள்ளக்காரனாட்ட பைப்பு குடிச்சா தொண்டை என்னத்துக்குங்க ஆகும்? அப்பவே உட்டிருக்கோணும்.”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. எழுதிக் காட்டுவதற்குக் கழித்துப்போட்ட விலை அட்டைகள் ஒரு கட்டு வைத்திருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட, சட்டையில் தொங்கவிடுகிற அட்டைகள். ஒன்றைத் திருப்பி வேகமாக எழுதி நீட்டினார்.

“கண்ணாடி ஊட்டுல இருக்குங்க” என்று அந்த அம்மா அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

“என்னுங்க அண்ணாச்சி எழுதுனீங்க?” என்று கேட்டேன். இன்னோர் அட்டையில் எழுதினார்: ‘நான் குடித்தது டீ மட்டும்.’

பார்க்க வந்த எல்லோரும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் காட்டிச் சலித்து, பிறகு சிரித்தபடி தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். ஆமாம், பைப்புதான் என்பதுபோல.

மூன்று உரசல்

அக்கா வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரிதான். அந்த நேரத்துக்கு நான் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து பக்கத்து ரூமில்தான் தூங்குவேன். அண்ணாச்சி என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதுதான் பிரச்சினை.

தம்ளரில் ஸ்பூனால் தட்டிப் பார்த்தார். பத்து ரூமிலும் பாத்திரச் சத்தம், நான் எழவில்லை. போன் அடித்தார். என் போனுக்குப் பகல் முழுக்கக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரும், அதனால் நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் படுப்பேன்.

“ஒரு பெல்லு வாங்கிட்டு வரட்டுங்களா?”

‘நான் ஹெட்மாஸ்டரா? நீ பியூனா?’ என்று எழுதினார்.

பிறகு லைட்டரை எடுத்து ஒருமுறை உரசினார். கிர்ரிக். கல்லில் இரும்புச் சக்கரம் அறுக்கிற சத்தம். சின்னதுதான். ஆனால் அந்த லைன் வீட்டில் வேறு எதுவும் அந்த மாதிரிச் சத்தம் போடாது. மறுநாள் நான் தூங்கும்போது உரசிப் பார்த்தார். ஒரே உரசலுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சந்தில் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும், மாவு மிஷின் ஓடும், எல்லாவற்றையும் தூங்கிக் கடக்கிற காது இதற்கு மட்டும் விழித்துக்கொண்டது. மெஷின் ஓட்டுகிறவனின் காது அப்படித்தான். அத்தனை இரைச்சலில் ஓர் ஊசி உடைகிற சத்தம் கேட்கும்.

பெட்ரோலைக் கொட்டிவிட்டோம். அந்த நெடி அவர் கழுத்துத் துளை வழியாக நேரே நெஞ்சுக்குப் போய் இருமல் வந்தது. திரியையும் உருவிவிட்டேன். இனி அது தீக்கு இல்லை.

ஓர் உரசல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் குழாய் அடைத்துக்கொண்டது, ஓடி வா.

மூன்று, வாரத்துக்கு ஒருமுறை வரும். லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடுவேன். உள்குழாயை உருவியதும் அண்ணாச்சியின் துளை காற்றை இழுக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வரும்.

துடைக்கிற முறை

அன்றிலிருந்து லைட்டர் என் பொறுப்பு. ஞாயிறு காலையில் பிரிப்பேன்.

அடித் திருகைக் கழற்றும்போது விரலை வைத்து அமுக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலடியில் போய்விடும். பிறகு தலைகீழாகத் தட்டினால் தேய்ந்த கல் விழும். ஒரு வாரத்துக்கு மேல் மழை பிடித்தால் கல் ஈரத்தில் ஊதி, குழலிலேயே பிடித்துக்கொள்ளும். அப்போது ஊசியால் குத்திப் பொடியாக்கித்தான் எடுக்க வேண்டும். புதுக் கல்லுக்குப் பெட்டிக்கடையில் ஒரு பிளாஸ்டிக் லைட்டரை வாங்கி உடைப்பேன். அதன் கல் கொஞ்சம் குட்டை, ஆனால் சேரும்.

சக்கரத்தின் பல்லில் இரண்டு அழுக்கு சேரும். ஒன்று கல்லின் கறுப்புப் பொடி, அது பிரஷுக்குப் போய்விடும். இன்னொன்று பஞ்சு. திருப்பூரில் பஞ்சு போகாத இடம் இல்லை. தலைமுடி, டீ, தூக்கம் எல்லாவற்றிலும் இருக்கும். அது சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டால் சக்கரம் இறுகிவிடும். நிட்டிங் மெஷினில் கழித்த ஊசி ஒன்று வைத்திருந்தேன். அதன் நுனியில் மயிரளவு கொக்கி. அதை விட்டு இழுத்தால் பஞ்சு நூலாகவே வரும். லைட்டரோடு ஒரு தட்டைக் கம்பியும் மடிந்திருக்கும், புகையிலையை அமுக்குவதற்காம். அண்ணாச்சி அதால்தான் சக்கரத்தின் பல்லைச் சுரண்டுவார்.

கடைசியாகப் பனியன் துணியால் துளி ஈரம் இல்லாமல் காயத் துடைக்க வேண்டும். காய என்பதைக் கோடு போட்டு எழுதுகிறேன். அப்போது எனக்கு அது தெரியாது.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி வாங்கி ஒரு தடவை உரசுவார். பொறி தெறிக்கும். ‘கிறிஸ்மஸ் வரைக்கும் ஓடும்’ என்று ஒருநாள் எழுதினார். லைட்டரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜெனி லீவுக்கு வருவது கிறிஸ்மஸுக்குத்தான். கட்டி மறுபடி வளர்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததும், அவர் இன்னும் மூன்று மாதம் இருக்கலாம் என்றதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சொட்டு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காங்கேயத்தில் அரிசி மில்லில் இருந்தபோது ஒருநாள் எண்ணெய் விட மறந்துவிட்டேன். பேரிங் காய்ந்து புகைந்து, மில் இரண்டு நாள் நின்றது. முதலாளி திட்டவில்லை. “இனி வர வேண்டாங்க” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து சுற்றுகிற எதைப் பார்த்தாலும் என் கை எண்ணெய் கேனைத் தேடும். சைக்கிள், ஃபேன், கதவுக் கீல், எதுவும் தப்பாது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் திருப்பூர் முழுக்க மெஷின் துடைக்கும். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு மெஷினையும் காற்றடித்து, பஞ்சு எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். கத்தரி, ஸ்பேனர், துணி வெட்டுகிற கட்டர் எல்லாம் ஒரு டேபிளில் வரிசையாகப் பூஜைக்கு இருக்கும். அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான், ஆனால் வேலைக்கு வந்த வருஷங்களில் எல்லாம் அந்த டேபிளில் அவருடைய லைட்டரும் இருந்திருக்கிறது.

அதனால் அன்று காலை நான் அதை வாங்கிக்கொண்டு போனேன். அக்காவுக்கு லீவு, வீட்டில் இருந்தார். கொடுக்கும்போது அண்ணாச்சி தொட்டுக் கும்பிடுவதுபோல் கையை வைத்துச் சிரித்தார்.

ஷெட்டில் உட்கார்ந்து பிரித்தேன். புதுக் கல் போட்டேன். பித்தளையைத் தங்கமாக மின்ன வைத்தேன். கையில் நீடில் ஆயில் கேன் இருந்தது. எல்லா மெஷினுக்கும் விட்டாயிற்று, எல்லாக் கத்தரிக்கும் விட்டாயிற்று. அதற்கு மட்டும் விடாமல் இருந்தால் ஓரவஞ்சனை மாதிரி இருந்தது. சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டு வைத்தேன். உரசிப் பார்த்தேன். பொறி வந்தது.

நீடில் ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும். வைத்த இடத்தில் நிற்காது. ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு நடுவே தானாக ஊர்ந்து போக வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்கிறார்கள். இது எனக்குத் தெரியும். தினமும் அதோடு வேலை செய்கிறவன் நான்.

சாயந்திரம் பொரியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். குங்குமத்தை அண்ணாச்சி துடைக்கவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்துப் புழங்கக் கூடாது. ‘இன்று இதற்கும் லீவு’ என்று எழுதித் தலையணைக்குக் கீழே வைத்தார். மறுநாளும் அக்காவுக்கு லீவு. இரண்டு நாள் அதை உரச வேண்டிய தேவை வரவில்லை. எண்ணெய் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். நின்றிருந்த மெஷின்களை ஓட்டிவிட்டு, ராத்திரி முழுக்க நூல் கோர்த்து விரல் வீங்கியிருந்தது. வழக்கமாக உள்ளே போய் ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அன்று வாசலிலிருந்தே கையைக் காட்டினேன். அண்ணாச்சியும் காட்டினார். அக்கா டிபன் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“நல்லா உறங்குப்பா. இன்னைக்கு அவியளுக்குச் சளி கம்மிதான்.”

நானே துடைத்தது, அதற்கு என்ன ஆகிவிடும் என்று படுத்துவிட்டேன்.

துடைத்தது

பசியில்தான் விழித்தேன். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒரு தடவையும் எழாமல் தூங்கியது பல மாதங்களில் அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் ரூம் பக்கத்துச் சுவர். தம்ளர் தரையில் கிடந்தது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருக்கும். தம்ளர் சத்தத்துக்கு எழ வேண்டாம் என்றுதான் என் காது பழகியிருந்தது.

உள்குழாயை உருவினேன். கெட்டியாக அடைத்திருந்தது. கழுவிப் போட்டுப் பார்த்தேன். எதற்கு என்று தெரியாமல் மறுபடி கழுவிப் போட்டேன்.

லைட்டர் அவர் கையில் இருந்தது. வாங்கிச் சுற்றினேன். சத்தமே இல்லை. கல்லும் கறுப்புப் பொடியும் எண்ணெயும் சேர்ந்து மைபோல் குழைந்திருந்தன. சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவ்வளவு நன்றாக ஒரு சக்கரம் சுற்றி நான் பார்த்ததில்லை.

அவருடைய வலது கட்டைவிரல் முழுக்க அந்த மை. நகக்கண்ணில், ரேகையில், எல்லா இடத்திலும். நடுவில் தோல் வழன்றிருந்தது.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால், லைட்டர் துடைக்கிற அதே பனியன் துணியை நனைத்து, சோப்புப் போட்டு, அந்த விரலைத் துடைத்தேன். ரேகையில் இருந்ததைப் பல் பிரஷால் எடுத்தேன். காய்ந்த துணியால் ஒற்றினேன். பிறகு லைட்டரையும் துடைத்து, குங்குமத்தை அழித்து, தலையணைக்குக் கீழே வைத்தேன். கையை மடியில் வைத்துவிட்டேன். உறங்குகிறவர் மாதிரி இருந்தார்.

ராணி அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய அழுகையை எழுத எனக்கு வராது. கொஞ்சம் அடங்கியபின் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“நீ ஏன்டே இப்படி ஒதுங்குத? அவிய கூப்பிட்டிருக்க மாட்டாவ. கூப்பிட்டிருந்தா நீ ஓடியாந்திருப்ப. எனக்குத் தெரியாதா?”

அடக்கம் முடிந்து, ஜெனியோடு ஊருக்குக் கிளம்பிய அன்று லைட்டரை என் கையில் வைத்து மூடினார். “நீயே வச்சுக்கோ. நீதானே அத நல்லாப் பாத்துக்கிட்ட.”

அந்த வாரமே நான் திருப்பூரை விட்டுக் கிளம்பினேன்.

போன் வந்தது

பெஞ்சில் பீடியோடு உட்கார்ந்திருந்தவருக்குச் சொல்லாத பதில் இதுதான். தீ வராத லைட்டரைச் சீவிக்கொண்டே இருக்கிறேன். எண்ணெய் காட்டுவதில்லை. சாப்பிட்ட கையோடு தொடுவதில்லை. படுப்பதற்கு முன் ஒருமுறை உரசுவேன். சத்தம் சரியாக வந்தால்தான் படுப்பேன்.

போன மாதம் ராணி அக்கா போன் செய்தார். இந்தத் தொடரை ஜெனி வாராவாரம் அவருக்குப் படித்துக் காட்டுகிறாளாம்.

“எல்லாரப் பத்தியும் எழுதுத. அவியளப் பத்தி எப்பம் எழுதப் போற?”

“எழுதறனுங்க அக்கா.”

“உறக்கத்துலயே போனாவன்னு எழுது, என்ன? கடைசில யாரையும் கூப்பிடல, யாருக்கும் தொந்தரவு குடுக்கலன்னு எழுது. நான் அத நெனச்சுத்தான் இருக்கேன்.”

சரி என்றேன். அப்படியே ஒருமுறை எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது, அந்தக் கட்டைவிரலை இரண்டாம் முறை துடைக்கிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஜெனி, இந்த இடத்தை அம்மாவுக்குக் கொஞ்சம் மெதுவாகப் படி. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு படி.

அக்கா, அண்ணாச்சி கூப்பிட்டார். ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கிறார்.